ஒரு கோப்பை கீரி

அன்றைக்கு நான் சட்டிக்குள் அகப்பையை விட்டபோது ஆண்கள் கடலால் வந்திருக்கவில்லை.

கண்டக்குழியில் எங்கள் குசினி, வீட்டோடு ஒட்டிக் கிடுகு வேய்ந்த ஒரு சின்னப் பத்தி. தரை முழுக்கக் கடல் மணல். அடுப்பிலிருந்து இறக்கிய குழம்பில் பழப்புளியும் வெந்தயமும் மணத்தன. வயிறு ஐந்தாம் மாதத்தில் மெல்ல எட்டிப் பார்க்கத் தொடங்கியிருந்தது. நான் ஒரு கோப்பையில் சோறு போட்டேன். இன்னொரு கோப்பையை எடுத்து அது நிறையக் கீரி மீனை அடுக்கினேன்.

எங்கள் பக்கம் கோப்பை என்றால் சோறு சாப்பிடும் தட்டு. தேத்தண்ணி குடிப்பது பேணியில். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த வாரக் கதையே இந்தத் தட்டில்தான் இருக்கிறது.

முதல் மீனின் முள்ளைக் கடித்துக்கொண்டிருந்தபோது வாசலில் மாமி வந்து நின்றா. கையில் கருவாட்டுக் கடகம்.

"எடியே கலா, என்ன செய்யிறாய்?"

"சாப்பிடுறன் மாமி."

"ஆம்பிளையள் இன்னும் கரைக்கு வரேல்லை. அதுக்கு முந்தி நீ கோப்பையை நிரப்பிக்கொண்டு இருக்கிறாய்?"

"மிட்வைஃப் நோனா சொன்னவ. ஒவ்வொரு நாளும் ஒரு கோப்பை கீரி தின்னட்டாம்."

"எந்த ஊர் நோனாவடி பிள்ளைத்தாச்சியைக் கீரி தின்னச் சொன்னவ? கிரந்திச் சாமானை?"

எனக்கு வாய் நிறையச் சோறு இருந்தது. அடுத்த மீனை எடுத்தேன்.

வாயும் வயிறும்

எங்கள் வீட்டில் சாப்பாட்டுக்கு ஒரு வரிசை இருந்தது. கடலால் வந்த ஆண்கள் முதலில். பிறகு மாமி. பிறகு சட்டியில் என்ன ஒட்டியிருக்கிறதோ அதோடு நான். யாரும் இதைச் சட்டமாக எழுதி வைக்கவில்லை. வந்த முதல் நாளே எனக்கு விளங்கிவிட்டது.

நல்ல மீன் வீட்டுக்கு வருவதே குறைவு. பாரை, விளமீன் என்றால் கரையிலேயே லொறிக்கு ஏறிவிடும். சண்டை முடிந்தபின் எங்கள் கரையோரம் புதிதாக முளைத்த விடுதிகளுக்கு இறாலும் நண்டும் கணவாயும் போகும். காற்றாடியைப் பிடித்துக்கொண்டு கடலில் சறுக்க வரும் வெள்ளைக்காரர் அதையெல்லாம் இருந்து தின்பார்கள். அவர்களுக்குக் கிரந்தி வருவதில்லை போலும்.

எனக்குத்தான் எல்லாம் வரும். மாமியின் பட்டியல் நீளமானது. அன்னாசி, பப்பாசி தின்றால் கரு கலையும். இறால், நண்டு, கணவாய், கீரி எல்லாம் கிரந்தி, பிள்ளைக்குச் சொறி சிரங்கு வரும். இளநீர் குளிர். முருங்கையிலை சூடு. ஒட்டின வாழைப்பழம் தின்றால் இரட்டைப் பிள்ளை. முட்டை தின்றால் பிள்ளை கொழுக்கும். கிளினிக்கில் தருகிற இரத்தக் குளிசை போட்டால் பிள்ளை கறுத்துப் பெருத்துப் பிறக்கும். மிஞ்சியது வெறும் சோறும் சொதியும். அதிலும் வயிறு முட்டத் தின்னக்கூடாது.

"சின்னப் பிள்ளைதான் சுகமாப் பிறக்கும்." இதை மாமி சொல்லாத நாள் கிடையாது.

கர்ப்பமான பெண்ணை 'வாயும் வயிறுமாக இருக்கிறாள்' என்று நம் சனம் எவ்வளவு அழகாகச் சொல்கிறது. சொல்லிவிட்டு வாயைக் கட்டிப்போடும். 'தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு' என்று ஒரு பழமொழியும் இருக்கிறது. அந்தப் பழமொழி பத்து மாதத்துக்குச் செல்லாது. அந்தப் பத்து மாதமும் ஒரே வாய், ஒரே வயிறு. நான் தின்னாவிட்டால் அது எங்கே போய்த் தின்னும்?

ஒரு கரண்டிக் கஞ்சி

இந்தத் தொடரை வாசிக்கும் ஒரு தங்கை எழுதியிருந்தாள்: "அக்கா, உங்களுக்கு எப்போதுமே இவ்வளவு வாய்த் துணிவா?" இல்லை தங்கச்சி. நான் பயந்தவள். எனக்குத் துணிவு வந்த இடத்தைச் சொல்கிறேன்.

நான் வன்னியில் பிறந்தவள். சண்டையின் கடைசி மாதங்களில் எனக்குப் பதினாறோ பதினேழோ. கடற்கரை மணலில் தறப்பாளைக் கட்டிக்கொண்டு சனம் நெருக்கியடித்துக் கிடந்தது. நாளுக்கு ஒருமுறை கஞ்சி. அரிசி குறைவு, தண்ணீர் கூட. உப்பும் இல்லாத நாட்கள் இருந்தன.

பக்கத்துத் தறப்பாளில் ஒரு அக்கா வயிற்றோடு இருந்தா. பெயர்கூட எனக்குச் சரியாகத் தெரியாது. கஞ்சி வாங்கிக்கொண்டு வருகிற ஒவ்வொருவரும் அவவின் தறப்பாளுக்கு முன்னால் நின்று, தங்கள் ஏனத்திலிருந்து ஒரு கரண்டியை அவவின் ஏனத்தில் ஊற்றிவிட்டுத்தான் போவார்கள். யாரும் யாருக்கும் சொல்லவில்லை. என் தம்பி பசியில் அழுதுகொண்டே ஒரு கரண்டி ஊற்றினான். ஊற்றியபின் அந்த அக்காவின் வாயையே பார்த்துக்கொண்டு நின்றான்.

அந்த அக்காவுக்குப் பிறகு என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது. ஆனால் ஒன்றுமே இல்லாத இடத்தில், நாளைக்கு இருப்போமா என்று தெரியாத இடத்தில், வயிற்றுப் பிள்ளைக்காரிக்கு முதற் பங்கு இருந்தது. அதை என் கண்ணால் பார்த்தேன்.

கண்டக்குழியில் கடல் முழுக்க மீன். குண்டு விழுகிற சத்தம் இல்லை. இங்கே நான் கடைசி ஆளாகச் சட்டியை வழித்துக்கொண்டிருந்தேன். இது எந்த ஊர் நியாயம்?

முதலாவது

கல்யாணமாகி வந்த முதல் வருடம் நான் வாய் திறக்கவில்லை. அகதி முகாமில் இருந்து வந்த பெண், சீதனம் இல்லை, பின்னால் நின்று கேட்க ஆள் இல்லை. மாமி சொன்னதெல்லாம் வேதவாக்கு. குளிசையை வாங்கி வந்து அலுமாரிக்குப் பின்னால் போட்டேன். சோறும் சொதியும் தின்றேன். எழும்பினால் தலை சுற்றும். படியேறினால் நெஞ்சு அடிக்கும். எல்லாருக்கும் இப்படித்தான் என்று நினைத்தேன்.

ஐந்தாம் மாதம் முடியப் பிள்ளை போய்விட்டது.

ஆசுபத்திரியில் டொக்டர் என் கண்ணின் கீழ் இமையை இழுத்துப் பார்த்தார். நகத்தை அழுத்திப் பார்த்தார். "இந்தப் பிள்ளையில இரத்தமே இல்லை. சாப்பாடு ஒண்டும் குடுக்கிறேல்லையே?" என்று என்னிடம் அல்ல, மாமியிடம் கேட்டார். பிள்ளை ஏன் போனது என்று அவர் அறுதியாகச் சொல்லவில்லை. இரத்தம் குறைந்தது ஒரு காரணமாக இருக்கலாம் என்றார். மாமி வீட்டுக்கு வந்து, கண்ணூறு என்று மூன்று தெருச் சந்தி மண் எடுத்துச் சுற்றிப் போட்டா.

நான் அன்றைக்கும் ஒன்றும் பேசவில்லை. அது எனக்கு இன்றைக்கும் ஆத்திரமாக இருக்கிறது. மாமிமேல் அல்ல, என்மேல்.

அதற்குப் பிறகு ஒரு வருடம் கழித்து மீண்டும் நாள் தள்ளிப்போனபோது எனக்குள் ஒரு முடிவு இருந்தது. இந்தப் பிள்ளை பட்டினியால் போகாது. வேறு எதனாலும் போகலாம், அது என் கையில் இல்லை. பட்டினியால் போக நான் விடமாட்டேன்.

நோனா சொன்ன சொல்

எங்கள் பகுதி மிட்வைஃப் ஒரு சிங்களப் பெண். எல்லாரும் 'நோனா' என்றுதான் கூப்பிடுவோம். வெயில் என்றும் மழை என்றும் பாராமல் ஸ்கூட்டியில் மணல் ஒழுங்கையெல்லாம் வருவா. தமிழும் கதைப்பா. ஆனால் அந்தத் தமிழில் நெடில் பாதி குறிலாகிவிடும். கலா என்ற என்னை 'கல' என்பா. 'நீ' என்பதை 'நி' என்பா. நாங்கள் கேட்கும்போதே மனதுக்குள் நெடிலைப் போட்டுத் திருத்திக்கொள்வோம்.

முதல் கிளினிக்கில் என் விரலைக் குத்தி இரத்தம் பார்த்தபின் நோனாவின் முகம் மாறியது.

"கல, லே மதி. ரத்தம் கொறவு. எட்டர. இது கானாது மகல். நல்ல சாப்பிடு. பச்ச இல, முட்ட, பருப்பு. குலிசை தேத்தண்ணியோட போடாத, தேசிக்காத் தண்ணியோட போடு. அப்புறம் கிரி. ஒவ்வொரு நாள் ஒரு கோப்ப கிரி எடு. மறக்காத."

நான் வன்னியில் வளர்ந்தவள். சிங்களம் ஒரு சொல் தெரியாது. நோனா 'கிரி' என்றதை வழக்கம்போல் மனதுக்குள் திருத்தினேன். கீரி! ஒரு கோப்பை கீரி. பரவாயில்லையே, எங்கள் கரையில் அள்ளிக் கொட்டுகிற மீன்! அன்னாசியோ அப்பிளோ சொல்லியிருந்தால் நான் எங்கே போவேன்? எனக்கு வந்த சந்தோசத்தைப் பார்க்க வேண்டும்.

அன்றையிலிருந்து அது எனக்குச் சட்டம். ஒவ்வொரு நாளும் மத்தியானம் ஒரு கோப்பை கீரி. குழம்பு, சொதி, பொரியல், அவியல். முள்ளோடு மென்று தின்பேன், சின்ன மீன்தானே. குளிசையைத் தேசிக்காய்ப் புளி பிழிந்த தண்ணீரோடு போட்டேன். கிளினிக்கில் தந்த திரிபோஷா என்ற சத்துமாவைச் சீனி போட்டுக் குழைத்து நானே தின்றேன். அதற்கு முன் அது வீட்டில் எல்லாருக்கும் உருண்டையாகப் பங்கு போகும்.

வேலிக்கு அந்தப் பக்கம் ஹபீபா ராத்தா. என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர். அக்காவை முஸ்லிம்கள் கூப்பிடுவதுபோல நானும் ராத்தா, ராத்தா என்று கூப்பிடப் பழகினேன். அவருடைய வளவில் முருங்கை நின்றது. மாமி கருவாடு விற்க மதுரங்குளிக்கு பஸ் ஏறியதும் ராத்தா வேலிக்கு மேலால் ஒரு கட்டு இலையை எறிவார்.

"ஆஞ்சி சுண்டித் தின்னு புள்ள. சூடுமில்ல, மண்ணுமில்ல. நான் ஆறு புள்ளக்கும் தின்டுதான் பெத்தன்."

நோன்பு மாதம் வந்தபோது தினமும் பொழுது படுவதற்கு முன் ஒரு சருவச் சட்டி நிறையக் கஞ்சி வேலியைத் தாண்டி வந்தது. இறைச்சி, உள்ளி, வெந்தயம், தேங்காய்ப்பால் போட்ட கஞ்சி. உப்பில்லாக் கஞ்சியை நான் நிறையக் குடித்தவள். இந்தக் கஞ்சியை முதல் நாள் குடித்தபோது அழுதுவிட்டேன். ராத்தா வேலிக்கு அந்தப் பக்கம் நின்று, "காரமா மகள்?" என்று கேட்டார். ஓம் என்று சொன்னேன்.

என் மனிதர்

என் மனிதர் செபஸ்தியைப் பற்றியும் சொல்ல வேண்டும். நல்ல மனிதர். நல்லவராக இருந்தால் மட்டும் போதும் என்று நினைத்திருந்தார்.

"அம்மா சொல்லுறதைக் கொஞ்சம் கேளன்" என்றார் முதல் வாரம்.

"முதல் தரம் கேட்டனான்தானே" என்றேன்.

அதற்குப் பிறகு அவர் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. கடலால் வந்து, சட்டியில் மீன் குறைந்திருந்தால் சொதியை ஊற்றிக் குழைத்துச் சாப்பிட்டுவிட்டுப் போய் வலை பொத்துவார். என் பக்கம் நின்று ஒரு சொல் சொல்லியிருந்தால் இன்னும் நன்றாக இருந்திருக்கும். அதை அவருக்கும் சொல்லியிருக்கிறேன்.

மாமிக்கும் எனக்கும் இடையில் அந்த இரண்டு மாதமும் திறந்த சண்டை. நான் கோப்பையை எடுப்பேன். மாமி சட்டியை உறியில் தூக்கி வைப்பா. நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு மர வாங்கில் ஏறி எடுப்பேன். "விழுந்து சாகப் போறாய்" என்று கத்திக்கொண்டு மாமியே இறக்கித் தருவா. தந்துவிட்டு, "நோனா சொன்னவவாம், நோனா! படிச்ச பொம்பிளை இப்பிடிச் சொல்லுவாவே?" என்று காகத்துக்கும் கோழிக்கும் கேட்பா.

இடையில் ஒருநாள் நோனா வீட்டுக்கு வந்தா. அன்றைக்கு மாமி சந்தையில்.

"கல, கிரி எடுக்கிறதா?"

"ஓம் நோனா. ஒவ்வொரு நாளும் ஒரு கோப்பை."

"ஷா! கெட்டிக்காரி" என்று என் கன்னத்தைத் தட்டிவிட்டுப் போனா. அன்று பின்னேரம் மாமியிடம் அந்தத் தட்டலை நான் எப்படி விவரித்திருப்பேன் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

வழக்கு மன்றம்

ஏழாம் மாதக் கிளினிக்குக்கு மாமியும் வெளிக்கிட்டா. பெட்டியில் மடித்து வைத்திருந்த நல்ல சேலை. "உந்த நோனாவை நான் நேர கேட்கிறன்" என்பதுதான் நோக்கம்.

மாமிக்குச் சிங்களம் தண்ணீர் பட்ட பாடு. முதல் இடப்பெயர்வில் மன்னார்க் கரையிலிருந்து வள்ளத்தில் வந்து இந்தப் பக்கம் இறங்கி, இருபது வருடத்துக்கு மேல் சிங்கள வியாபாரிகளோடு மல்லுக்கட்டிக் கருவாடு விற்றவ. சிங்களத்தில் பேரம் பேசுவா, சிங்களத்தில் ஏசுவா. அந்தச் சிங்களத்தை எனக்கு எதிராகத்தான் அன்று கொண்டு வந்திருந்தா.

கிளினிக் மண்டபம் நிறைய வயிற்றுப் பிள்ளைக்காரிகள். நோனா என் விரலைக் குத்தினா. சோதித்துப் பார்த்துவிட்டு எழும்பியே விட்டா.

"பத்தேமுக்கால்! கல, நல்லம், மிச்சம் நல்லம்! கிரி வேல செஞ்சது!"

நான் மாமியைத் திரும்பிப் பார்த்தேன். அந்தப் பார்வையில் இருந்த திமிரை நான் மறுக்கவில்லை.

"ஓம் நோனா. ஒரு நாள் குழம்பு வைப்பன், ஒரு நாள் பொரிப்பன்."

நோனாவின் சிரிப்பு நின்றது. "கிரி... பொரிக்கிறது?"

"ஓம். முள்ளோடதான் தின்னுறனான்."

நோனா வாயைத் திறந்தபடி மாமியைப் பார்த்தா. மாமி சிங்களத்தில் ஏதோ கேட்டா. நோனா ஏதோ சொன்னா. மாமி இன்னொருமுறை கேட்டா. பிறகு மாமி வாங்கில் அப்படியே இருந்து, சேலைத் தலைப்பை வாயில் பொத்திக்கொண்டு, உடம்பு குலுங்கச் சிரிக்கத் தொடங்கினா.

"எடி விசரி! கிரி எண்டால் சிங்களத்தில பாலடி! கோப்ப எண்டது தேத்தண்ணிப் பேணியை! நோனா உன்னை ஒரு பேணி பால் குடிக்கச் சொன்னவ. நீ இரண்டு மாசமா என்ர மீனையெல்லாம் கோப்பை கோப்பையா விழுங்கியிருக்கிறாய்!"

மண்டபமே சிரித்தது. பின்வரிசை வாங்கிலிருந்து ஒருத்தி, "அப்ப பிறக்கப் போறது கீரிப்பிள்ளைதான்!" என்றாள். நோனாவும் சிரித்தா, பாவம், அவவால் அடக்க முடியவில்லை. என் காது இரண்டும் நெருப்பாகக் காய்ந்தன.

மாமி கண்ணைத் துடைத்துக்கொண்டு எழும்பினா. வென்றுவிட்ட தோரணை. "சரி. விளங்கிச்சுதானே? இனிப் பால் ஒரு பேணி குடி. என்ர சட்டியில கை வைக்காதை."

நான் எழும்பி நின்றேன்.

"பாலும் குடிப்பன். மீனும் தின்னுவன்."

"நோனா சொன்னது பால்!"

"நோனா பால் சொன்னவ. நான் மீன் திண்டன். இரத்தம் ஏறியிருக்கு. நோனாவை இப்பவே கேளுங்கோ, நான் அந்த மீனைத் தின்னலாமோ கூடாதோ எண்டு. சிங்களத்திலயே கேளுங்கோ."

மாமி கேட்டா. கேட்காமல் விட முடியவில்லை, மண்டபமே பார்த்துக்கொண்டிருந்தது. நோனா கையை ஆட்டி ஆட்டி நீளமாக ஏதோ சொன்னா. விரலை மடக்கிக் கணக்குப் போல் ஏதோ காட்டினா. முடிந்ததும் மாமி என் பக்கம் திரும்பினா.

"சரியாம்."

"அவ்வளவு நேரம் சொன்னது அதுதானா?"

"அதுதான்."

எனக்குப் பக்கத்தில் இருந்த முஸ்லிம் பெண் ஒருத்தி முகத்தைக் குனிந்து சிரித்தாள். "இல்ல ராத்தா. சின்ன மீன முள்ளோட திண்டா எலும்புக்கு நல்லதாம். ரத்தத்துக்கும் ஒதவியாம். கிரந்தி ஒண்டும் இல்லையாம். குளிசையும் மீனும் இலையும் சேந்துதான் ஏறியிருக்காம். விடாம தின்னட்டாம், பாலும் குடிக்கட்டாம். வீட்டாக்கள் நல்லாப் பாத்திருக்காங்கன்னு ஒங்க மாமியப் புகழ்ந்தும் சொன்னாங்க."

மாமி வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றா.

பாதை

திரும்பும்போது பஸ்ஸில் ஆளுக்கொரு இருக்கையில் இருந்து வந்தோம். இறங்கி மணல் ஒழுங்கையில் நடக்கும்போது மாமி நின்றா. முகத்தில் சிரிப்பு இல்லை.

"நீ என்னைக் கொடுமைக்காரி எண்டு நினைக்கிறாய்."

நான் இல்லை என்று சொல்லவில்லை.

"என்ர மூத்தவள் றெஜினாவை உனக்குத் தெரியாது. அவள் வயித்தில தாங்கேக்க நான் தீத்தினனான். முட்டை, பால், ஆட்டீரல். என்ர கையால தீத்தினனான். நாலு கிலோவுக்கு மேல பிள்ளை. வெளியில வரேல்லை. தாயும் போய்ப் பிள்ளையும் போச்சு. நான்தான்டி வளத்தனான் அந்தப் பிள்ளையை, அவளைக் கொல்லுறதுக்கு."

இவ்வளவு காலம் ஒரே கூரையின் கீழ் இருந்தும் இது எனக்குத் தெரியாது. செபஸ்திகூடச் சொல்லவில்லை. எனக்கு மாமியைப் பார்க்கப் பாவமாக இருந்தது. கட்டிப்பிடித்து அழவேண்டும் போலவும் இருந்தது. ஆனால் அப்போது விட்டுக்கொடுத்தால் வீட்டுக்குப் போனதும் சட்டி உறியில் ஏறிவிடும் என்று எனக்குத் தெரியும்.

"எங்க வச்சு மாமி? ஆசுபத்திரியிலயோ?"

"சண்டைக் காலம், ஊரடங்கு. பாதை பூட்டு. வள்ளம் விட ஏலாது. வீட்டில வச்சுத்தான். இரண்டு நாள்."

"அப்ப அவவைச் சாகடிச்சது முட்டையில்லை மாமி. பாதை. ஆசுபத்திரிக்குப் போயிருந்தா வெட்டியெண்டாலும் எடுத்திருப்பினம். இப்ப பாதை திறந்து கிடக்கு. ஓட்டோ பிடிச்சா எந்த நேரமும் போகலாம்."

"உனக்கு விளங்காது."

"விளங்குது. நீங்கள் றெஜினாவுக்குத் தீத்தினது பிழையில்லை. எனக்குத் தீத்தாமல் விட்டதுதான் பிழை. சின்னப் பிள்ளை சுகமாப் பிறக்கும் எண்டு சொன்னியள். முதல் பிள்ளை சின்னனாத்தானே இருந்தது. பிறந்ததே?"

அதுவரை யாரிடமும் நான் அதைக் கேட்டதில்லை. மாமி சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு எனக்கு முன்னால் விறுவிறு என்று நடந்துபோனா.

மாமி மாறிவிட்டா என்று எழுதினால் வாசிக்கச் சுகமாக இருக்கும். மாறவில்லை. மறுநாளும் கிரந்தி என்றுதான் முணுமுணுத்தா. முருங்கையிலையைக் கண்டால் முகத்தைச் சுளித்தா. ஹபீபா ராத்தாவின் ஆட்டிலிருந்து எனக்குப் பால் வந்தபோது, "இனி ஆட்டையும் தின்னு" என்றா. பிள்ளை பெருக்கிறது, பெருக்கிறது என்று என் வயிற்றை ஒவ்வொரு நாளும் கண்ணால் அளந்தா. நான் ஒவ்வொரு நாளும் என் கோப்பையை நிரப்பினேன். கடைசி மாதம் வரை எங்களுக்குள் சமாதானம் கிடையாது. சட்டி மட்டும் உறிக்கு ஏறவில்லை.

ஆசுபத்திரியில்

பிரசவ நோ கண்டது விடியப் புறம். ஓட்டோவில் ஏறினோம். ஆசுபத்திரி வாசல் வரும்வரை மாமி என் கையை விடவில்லை. வழியில் ஒரு இடத்தில் பாதை திருத்துகிறார்கள் என்று மறித்தார்கள். மாமி இறங்கி நின்று சிங்களத்தில் போட்ட சத்தத்தில் அந்தத் தடுப்பை இரண்டு பேர் தூக்கி ஓரத்தில் வைத்தார்கள்.

பிள்ளை பிறக்க மத்தியானம் தாண்டிவிட்டது. இலேசாகப் பிறந்தது என்று பொய் சொல்லமாட்டேன். ஒரு கட்டத்தில் றெஜினாவை நினைத்தேன். பயந்தேன். மாமி சொன்னதுதான் சரியோ என்றுகூட நினைத்தேன். நான் தின்ற கீரியும் குடித்த கிரியும் சேர்ந்து என்னைக் கொல்லப் போகிறதோ என்று அந்த வேதனைக்குள்ளும் எண்ணினேன்.

பெண் பிள்ளை. மூன்று கிலோவும் கொஞ்சமும். தோலில் ஒரு சொறி இல்லை, சிரங்கு இல்லை. குரல் வார்ட்டுக்கு வெளியே கேட்டிருக்கும்.

பார்வையாளரை விடுகிற நேரத்தில் மாமி வந்தா. செபமாலை கையில் சுற்றியபடி இருந்தது. காலையிலிருந்து வெளி வாங்கில் ஒரு வாய் தண்ணீர் குடிக்காமல் இருந்திருக்கிறா என்று பிறகு செபஸ்தி சொன்னார்.

மாமி தொட்டிலைப் பார்க்கவில்லை. நேரே என் கட்டிலுக்கு வந்தா. டொக்டர் செய்ததைப்போல என் கண்ணின் கீழ் இமையை விரலால் இழுத்துப் பார்த்தா. நெற்றியைத் தொட்டா. கழுத்தைத் தொட்டா. காலைத் தொட்டுச் சூடு இருக்கிறதா என்று பார்த்தா.

"இருக்கிறியோடி?" என்றா.

"இருக்கிறன் மாமி" என்றேன். "பசிக்குது."